கையகலக் கடலுக்கு உரிய மீன்கள்

பவளத்திட்டில் வாழும் மீன்களை நிறத்தை வைத்தோ உடல் நீளத்தை வைத்தோ வகைப்படுத்துவதைவிட, ஒவ்வொன்றும் ஒரு நாளில் எவ்வளவு தொலைவு உலவுகிறது என்பதை வைத்து வகைப்படுத்துவது, வீட்டில் சிறிய கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவருக்கு மிகுந்த பயன் தரும். ஒரே திட்டில், ஒரே நீரோட்டத்தில், பொழுது விடிந்தது முதல் அடையும் வரை பாறைக்குப் பாறை மேய்ந்து திரியும் மீனும் உண்டு. தன் வளையின் வாயிலிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் செல்லாமலே காலத்தைக் கழிக்கும் மீனும் உண்டு. முன்னதைக் கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைப்பது கொடுமை. பின்னதற்கோ, நீரும் இரையும் சரியாக அமைந்துவிட்டால், அதே தொட்டி கடலில் அது ஆண்டுகொண்டிருந்த இடத்தைவிடக் குறைந்ததன்று. சிறிய தொட்டிக்கு மீன் தேர்வது குறித்துச் சொல்லத்தக்கவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

சிறிய தொட்டி என்று இங்கே குறிக்கப்படுவது 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 36 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. கணக்குப்படி அது ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளும். மணலும் பாறையும் இட்ட பிறகு எஞ்சும் நீர் 50 லிட்டர் அளவே இருக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாகும் தொட்டியை நான்கு நாள் கவனிக்காமல் விட்டால், 46 லிட்டரில் அதே 1,750 கிராம் உப்பு நின்று, உவர்ப்பு 38 கிராமை எட்டிவிடும். குறைந்த நீரை ஈடுகட்ட உப்பில்லாத நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரையே ஊற்றிவந்தால் உப்பு நாளடைவில் மேலும் மேலும் சேரும் என்பது கேட்பதற்கு எளிய செய்தி; ஆனால் புதியவர்களின் தொட்டிகள் கெட்டுப்போவதற்கு இந்த எளிய பிழையே அடிக்கடி காரணமாகிறது.

வெப்பமும் சிறிய தொட்டியில் விரைந்து மாறுகிறது. பவளத்திட்டு மீன்களுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான நீர் ஏற்றது. சென்னையின் மே மாதத்தில் குளிரூட்டப்படாத அறையில் வைத்த தொட்டி 30 பாகையைத் தாண்டிவிடும். நீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. நன்னீரைவிட உப்புநீரில் அது முன்பே குறைவு. நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதல் மிகுந்து வெப்பம் இரண்டொரு பாகை தணியும் என்றாலும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அந்தப் பயன் குறைந்துவிடுவதோடு, மேலே சொன்ன உப்புக் கணக்கும் வேகமாகக் கெடும். ஆகவே கடற்கரை நகரவாசி மீனைத் தேர்வதற்கு முன் தொட்டி நிற்கப்போகும் அறையைத் தேர்ந்துகொள்ள வேண்டியவராகிறார்.

மூன்றாவது, அம்மோனியா. மீன்களின் செவுள் வழியே வெளியேறுவதும், தின்னாமல் விட்ட இரை அழுகுவதால் உண்டாவதுமான இந்தக் கழிவு, நீரின் காரத்தன்மை கூடக்கூட நச்சுமிக்க வடிவத்துக்கு மாறுகிறது. கடல்நீர் இயல்பாகவே காரத்தன்மை உடையது என்பதால், நன்னீர்த் தொட்டியில் பொறுத்துக்கொள்ளப்படும் அளவு அம்மோனியா இங்கே மீனைக் கொன்றுவிடக்கூடும். மணலிலும் பாறையிலும் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வைப்போர் ‘சைக்கிளிங்’ என்று சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான். அந்த வாரங்களில் விலை மலிந்த டாம்சல் மீன்களை விட்டு, அவை பிழைக்கின்றனவா என்று பார்க்கும் பழைய வழக்கம் இன்றும் சில கடைகளில் பரிந்துரைக்கப்படுகிறது. மீனே இல்லாத தொட்டியில் சிறிது இரையை இட்டு அழுகவிட்டாலே பாக்டீரியாக்கள் பெருகும் என்னும்போது, ஓர் உயிரைச் செவுள் எரிய நீந்தவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பிழைத்துவிடும் டாம்சலோ முழுத் தொட்டியையும் தனதாக்கிக்கொண்டு, பின்னால் வரும் சாதுவான மீன்களைத் துரத்தித் துரத்தியே ஒழிக்கும்.

நீரின் இந்த இயல்புகளை மனத்தில் வைத்துப் பார்த்தால், விலக்க வேண்டியவை தாமே விலகுகின்றன. 2003ஆம் ஆண்டில் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தில் டோரியாகத் தோன்றிய நீலநிற டாங் மீன், கடையில் ஐந்து சென்டிமீட்டர் குஞ்சாகக் கண்ணைப் பறிக்கும்; முழு வளர்ச்சியில் அது 30 சென்டிமீட்டரை எட்டும், இயல்பிலேயே ஓயாது நீந்தித் திரிவது. சிங்க மீனின் துடுப்பு முட்கள் நஞ்சுள்ளவை. தன் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் அது விழுங்கிவிடும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் உயிருள்ள பவளத்தையே தின்று வாழ்பவை. இவற்றைவிட வருத்தம் தருவது மாண்டரின் மீனின் நிலை. நீலமும் செம்மஞ்சளும் பட்டு நெசவுபோலப் பின்னிக் கிடக்கும் உடலும், ஆறேழு சென்டிமீட்டரைத் தாண்டாத சிறு உருவமும், பிற இன மீன்களோடு சண்டையிடாத குணமும் அதைச் சிறிய தொட்டிக்கென்றே படைக்கப்பட்டதுபோலத் தோன்றச் செய்கின்றன. ஆனால் அது நாள் முழுவதும் பாறை இடுக்குகளில் கோபிபாடு எனப்படும் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் நுண்ணிய ஓட்டுயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும் மீன். அவை சில வாரங்களில் தீர்ந்துபோக, உலர்ந்த இரையைப் பெரும்பாலும் தொடாமல், வயிறு உள்ளொடுங்கி, நிறம் சிறிதும் மங்காமலே அது பட்டினியால் இறக்கிறது. உடலளவு மட்டும் பொருத்தத்தைக் காட்டாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி ஏற்றவற்றைப் பார்க்கலாம். இவற்றுள் முதலிடம் பெறுவது கோமாளி மீன், கடைவழக்கில் ‘கிளவுன் ஃபிஷ்’. கடலில் இது கடல் சாமந்தி எனப்படும் கொட்டும் உயிரியின் உணரிழைகளுக்குள் வாழ்கிறது. தன் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலத்தால் கொட்டுதலிலிருந்து தப்பும் இம்மீன், அந்தப் பாதுகாப்பை விட்டு வெகுதூரம் செல்லத் துணிவதில்லை. அதன் உலகமே சிறியது என்பதுதான் சிறிய தொட்டியில் அது செழிப்பதன் காரணம். கடல் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் அது நலமாக வாழும் என்பதையும், வலுவான ஒளியும் முதிர்ந்த நீரும் வேண்டும் கடல் சாமந்தியைப் புதிய தொட்டியில் வைத்தால் அது இறந்து நீர் முழுவதையும் கெடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோமாளி மீன்களின் குடும்ப அமைப்பு வாங்குபவரின் முடிவை நேரடியாகப் பாதிப்பது. இவை எல்லாம் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது, அதற்கு அடுத்தது அதன் இணையாகிறது, எஞ்சியவை வளர்ச்சி அடங்கிக் காத்திருக்கின்றன. பெண் இறந்தால் இணையான ஆண் பெண்ணாக மாறும். ஆகவே ஆண், பெண் என்று தேடி அலையத் தேவையில்லை. அளவில் சற்று வேறுபட்ட இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் காலப்போக்கில் அமையும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால், மறைய இடமில்லாத சிறு தொட்டியில் அது மற்ற இரண்டாலும் கடிபட்டே மடியும். இணை ஒருமுறை நிலைத்துவிட்டால், பாறையின் ஒரு சரிவைப் பல நாள் வாயால் தேய்த்துச் சுத்தம் செய்து, அதில் செம்மஞ்சள் நிற முட்டைகளை நெருக்கமாக ஒட்டவைக்கும். ஆண் மீன் அருகிலேயே நின்று மார்புத் துடுப்புகளால் விசிறி நீரைச் செலுத்திக்கொண்டும், கெட்ட முட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டும் இருக்கும். நாளாக ஆக ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் துலங்குகின்றன. அவை குஞ்சின் கண்கள். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள், விளக்கணைந்து இருள் சூழ்ந்த பிறகு, முட்டைகள் பொரிக்கின்றன. ஒரு மேசையின் மேல் இதைக் காண முடிவது பெரும் பேறு.

கோமாளி மீன் இனங்களுள்ளும் தேர்வு உண்டு. மன்னார் வளைகுடாவில் காணப்படும் செபே கோமாளி மீன் 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. சொந்தக் கடலின் மீன் என்ற பற்று இருந்தாலும் 65 லிட்டர் தொட்டிக்கு அது பெரிது. அந்தமான் கடலிலும் தென்கிழக்கு ஆசியக் கடல்களிலும் வாழும் ஓசெல்லாரிஸ் இனம் பொதுவாக எட்டு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுவதால் அதுவே பொருத்தமானது. நல்ல கவனிப்பில் இது இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருக்கிறது. வாங்குபவர் தம் வயதையும் வீட்டு நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

உளுவை இனங்கள் அடுத்து வருகின்றன. தமிழ்நாட்டுக் கழிமுகங்களில் மீனவர் நன்கறிந்த உளுவையின் உறவுகளான இவற்றுள், மஞ்சள் நிறக் காவல் உளுவை சிறிய தொட்டிக்குக் கிடைத்த செல்வம். இது துப்பாக்கி இறால் எனப்படும், கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும் இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கிறது. இறால் கிட்டத்தட்டக் குருடு, ஆனால் ஓயாத உழைப்பாளி. மண்வாரி இயந்திரம்போலக் கொடுக்குகளில் மணலை அள்ளிக்கொண்டு வந்து வாயிலில் கொட்டிவிட்டுத் திரும்பும். வெளியே வரும்போதெல்லாம் அதன் நீண்ட உணர்கொம்புகளில் ஒன்று மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து தென்பட்டால் உளுவை வாலை மெல்ல அதிர்விக்க, இறால் அந்தக் கணமே வளைக்குள் மறையும். அதைத் தொடர்ந்து மீனும் தலைகீழாகப் பாயும். இந்த இணையை வைப்பவர் ஐந்து சென்டிமீட்டராவது மணல் இட வேண்டும். பாறைகளை மணலின் மீது வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே உறுதியாக அமர்த்த வேண்டும், இல்லையேல் இறால் தோண்டத் தோண்டப் பாறை சரிந்து இரண்டையும் நசுக்கிவிடும்.

ஃபயர்ஃபிஷ் என வழங்கும், வால்பகுதி தீக்கொழுந்துபோல் சிவந்த மெல்லிய மீனும் ஏற்றதே. ஒன்றுக்கு மேல் வைத்தால் தமக்குள் சண்டையிடும், அஞ்சினால் தொட்டியை விட்டுத் துள்ளிவிடும் என்பதால் வலைமூடி தவறக்கூடாது. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் பங்காய் கார்டினல் மீனைக் குறித்துச் சற்றுக் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆண் மீன் முட்டைகளையும் பின்னர் குஞ்சுகளையும் வாயிலேயே சுமந்து ஏறத்தாழ ஒரு மாதம் பட்டினி கிடக்கிறது. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவும் பருவமே இல்லாததால் இனம் அந்தத் தீவுகளைத் தாண்டிப் பரவவில்லை. மீன்தொட்டி வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, 2007இல் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றது. தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட மீன் கிடைத்தால் ஒன்றை வைக்கலாம். கடலில் பிடித்ததை வாங்கலாகாது.

இரண்டு கோமாளி மீன்கள், ஓர் உளுவை, கூடினால் ஒரு ஃபயர்ஃபிஷ். 65 லிட்டருக்கு இதுவே நிறைவு. சாதுவானதை முதலில் விட்டு, இடம்பிடிக்கும் குணமுள்ள கோமாளி மீன்களைக் கடைசியில் விடுவது அமைதிக்கு வழி.

கடலில் பிடிப்பது பற்றிய கேள்வி பங்காய்த் தீவுகளோடு முடிவதில்லை. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்து, பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மயக்கி மீன் பிடிக்கும் முறை பரவியது. அருகிலிருக்கும் பவளம் சாகிறது, மயங்கித் தெளிந்த மீனும் ஈரல் கெட்டுப் பிறகொரு நாள் காரணம் தெரியாமல் மடிகிறது. இந்தியாவில் பவளங்களும் கடல் குதிரைகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை; ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த பரப்பு 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஆகவே தொட்டிக்குப் பவளப்பாறையோ கடல் குதிரையோ யார் கொண்டுவந்து தந்தாலும் மறுத்துவிட வேண்டும். சுட்ட மண் பாறைகளிலும் பாக்டீரியா நன்கு குடியேறும். மாற்று வழி உள்ளூரிலேயே இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கின்றன. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு கண்ணாடிச் சுவரையும் உலர்ந்த இரையையும் இளமையிலேயே அறிந்தது. தொட்டி அதற்குப் புதிய இடமே அன்று.

கடைத் தொட்டியின் முன் நிற்பவர் சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. செவுள்மூடிகள் அவசரமாகத் துடிக்கின்றனவா, வயிறு ஒட்டியிருக்கிறதா, உப்புத் தூவியதுபோல உடலில் வெண்புள்ளிகள் உள்ளனவா, மூலையில் ஒதுங்கி நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, பணத்தை எடுக்கும் முன், கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? இப்போது ஒரு சிட்டிகை இரை போட்டால் தின்னுமா? போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாவிட்டால், அது எத்தனை அழகாக இருந்தாலும், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.