அரை ஆம்பியர்

திங்கட்கிழமை, இரவு

என் மேஜைக் கணினி, பகல் முழுவதும் பெரிய படங்களைச் செப்பனிடும் கடினமான வேலையைச் சிறிதும் தளராமல் செய்து முடித்துவிட்டு, நான் கையை எடுத்து ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு சாய்ந்த பிற்பாடு, யாதொரு முன்னறிவிப்புமின்றி அணைந்துபோகிறது. பின்புறத்து விசையை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டாலன்றி மறுபடி உயிர் பெறுவதுமில்லை. உழைக்கும்போது விழுகிற யந்திரத்துக்குக் காரணம் காண்பது சுலபம். உஷ்ணம் மிகுந்திருக்கும், அல்லது மின்சாரம் போதாமற் போயிருக்கும். இதுவோ ஓய்ந்திருக்கும் வேளையில் மாத்திரமே விழுகிறது.

கடைக்காரரிடம் விசாரித்தேன். “வாட் பத்தலை சார், 600 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு போட்டுடுங்க” என்றார். நெடுங்காலப் பழக்கமுள்ளவர்; அவர் சொல்லை லேசாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஆயினும் இப்போதிருக்கும் மின்வழங்கிப் பெட்டியிலேயே 450 வாட் என்று எழுதியிருக்க, அதிகமாகக் கேட்டபோதெல்லாம் கொடுத்த பெட்டி, குறைவாகக் கேட்கும்போது கைவிடுவானேன் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

செவ்வாய்க்கிழமை

விழுவது ஓய்வில்தான் என்பதால், பிராசஸரின் உறக்கத்தைப் பற்றிப் படிப்பதிலேயே இன்றைய பொழுது முழுவதும் இன்பமாகக் கழிந்தது. விழித்து உழைக்கும் நிலைக்குச் சி0 என்று பெயர். சி1 நிலையில் கடிகாரத் துடிப்பு நிற்கிறது, அவ்வளவே. சி3-இல் ஒவ்வொரு கோரும் தன் சொந்தக் கேஷ் நினைவகத்தைக் காலி செய்துவிடுகிறது. சி6-இலோ, தான் செய்துகொண்டிருந்த காரியத்தின் ஸ்திதி முழுவதையும் தனியான ஒரு சிறு நினைவகத்தில் வைத்துவிட்டு, தனக்கு வரும் மின்னழுத்தத்தையே அந்தக் கோர் துறந்துவிடுகிறது. சி7-இல் எல்லாக் கோர்களுக்கும் பொதுவான கேஷும் காலியாகிறது. என் கணினியில் இருக்கும் ஹாஸ்வெல் வகைக்கு லினக்ஸ் வைத்திருக்கும் அட்டவணைப்படி, சி1-இலிருந்து விழிக்க 2 மைக்ரோ விநாடி போதும். சி6-இலிருந்து விழிக்க 133-உம், சி7-இலிருந்து விழிக்க 166-உம் ஆகின்றன. நாம் ஒரு எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தேடும் இடைவெளிக்குள் எத்தனையோ முறை ஆழ்ந்து உறங்கி, எத்தனையோ முறை குறைவின்றி எழுந்துவிடுகிற இந்தச் சாமர்த்தியத்தை, வேகத்தைக் குறிக்கும் எண்களைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

வியாழக்கிழமை

விடை அகப்பட்டது, அது பிராசஸரில் இல்லை, எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருந்தது. 2013 ஜூன் மாதத்தில் இன்டெல் நிறுவனம் ஹாஸ்வெல்லை வெளியிடும் வரையில், பிராசஸருக்குப் போகும் 12 வோல்ட் கம்பியில் குறைந்தது அரை ஆம்பியராவது ஓடிக்கொண்டிருக்கும் என்பதே மின்வழங்கி செய்வோர் பின்பற்றிய நியதி. அரை ஆம்பியர் என்றால் 6 வாட். புதிய பிராசஸர் சி6, சி7 நிலைகளில் அமிழும்போது அந்தக் கம்பியில் 0.05 ஆம்பியர், அதாவது ஒரு வாட்டுக்கும் குறைவான மின்சாரமே ஓடினாலும் மின்வழங்கி நிலைகுலையாதிருக்க வேண்டும் என்று இன்டெல் கேட்டது. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அந்த விரதம் பழக்கமில்லை.

மலிவான பழைய அமைப்பில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று சேர்த்தே நடத்துகிறது. 5 வோல்ட் கம்பியில் பளு இருந்து, 12 வோல்ட் கம்பியில் அநேகமாக ஒன்றுமே இல்லாதபோது, தாழ்கின்ற 5 வோல்ட்டைத் தூக்கிவிட அந்தச் சுற்று முயல, அந்த முயற்சியாலேயே 12 வோல்ட் மேலேறுகிறது. ஐந்து சதவீதம் வரையில் ஏறலாம், இறங்கலாம், 12.60 வோல்ட்டுக்கு அப்பால் போவது விதிக்குப் புறம்பு. ஏற்றம் மிகும்போது பாதுகாப்புச் சுற்று, தன் கடமையைச் செய்வதாகவே எண்ணி, எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது.

இதுகாறும் ஏன் அணையவில்லை என்பதும் இப்போது விளங்கிற்று. சென்ற மாதம்வரை இதிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார், சுழலும் மட்டும் 12 வோல்ட் கம்பியிலிருந்து சில வாட்டை ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதன் ஸ்தானத்துக்கு வந்த எஸ்.எஸ்.டி.க்கு 5 வோல்ட்டே போதும். அந்தப் பழைய டிஸ்க், தகவலைச் சுமந்ததோடு நில்லாமல், ஒருவரும் அறியாமல் மின்வழங்கியையும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

சனிக்கிழமை

பயாஸில் சி6, சி7 இரண்டையும் தடுத்து வைத்தேன். இரவெல்லாம் கணினி அணையவில்லை. ஆகவே நோய் ஐயமற நிச்சயமாயிற்று. ஆனால் இதையே சிகிச்சையாகக் கொள்ள எனக்குச் சம்மதமில்லை. மதர்போர்டு செய்தவர்கள் பலர், புகார் வராதிருக்க வேண்டுமென்று இந்நிலைகளை ஆரம்பத்திலேயே அடைத்து வைத்து விற்றார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. எனினும் விலை கொடுத்து வாங்கியவர், தம் யந்திரம் ஆழ்ந்து உறங்க வல்லது என்பதையே அறியாமல், அதை அரைத் தூக்கத்திலேயே வருஷக்கணக்காக வைத்திருக்கும்படி ஆகிவிடுகிறது. நாளின் பெரும்பகுதி சும்மா இருக்கும் அலுவலகக் கணினிகளில் இது வீணான மின்செலவு என்பதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை

வேறொரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வந்தேன், 600 வாட் அல்ல, அதே 450 வாட். இதில் பிரதான மின்சாரம் முழுவதும் 12 வோல்ட்டாகவே உண்டாகி, 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் அதிலிருந்து தனித்தனி டிசி–டிசி மாற்றிகளால் பிரிக்கப்படுகின்றன. ஆதலால் 5 வோல்ட் கம்பியில் யார் எதைக் கேட்டாலும் அது 12 வோல்ட்டின் மீதே பளுவாக வந்து சேர்கிறது. ஒன்று தாழ மற்றொன்று ஏறும் பிணக்குக்கு இடமில்லை. ஏஎம்டி ரைஸன் பிராசஸர்களுக்கான மதர்போர்டுகள் பலவற்றின் பயாஸில், ஓய்வு நேரத்து மின்னோட்டத்தை மிகவும் தாழவிடாமல் வைக்க ஒரு தனித் தெரிவே உண்டு என்றும் அறிந்தேன். ஆக, இப்பிரச்சினை ஒரு நிறுவனத்தோடு முடிந்ததன்று. இருந்தும் பெட்டியின் மேல் எத்தனை வாட் வரையில் தரும் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்களேயன்றி, எவ்வளவு குறைந்த பளுவில் நிலைத்து நிற்கும் என்பதை அச்சிடுவது அரிது. அதுவும் அங்கே இருக்க வேண்டும்.

பழைய பெட்டியை எறியவில்லை. அரை ஆம்பியர் நியதி நடந்த காலத்தில், அந்நியதிக்கு உட்பட்டுச் செய்யப்பட்ட பொருள் அது. அதன்மேல் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் சுழலும் தம்பியின் பழைய கணினியில் அதைப் பொருத்தினேன். அங்கே 12 வோல்ட் கம்பிக்கு எந்நேரமும் வேலை உண்டு.