பாம்பு பட்டதா, படவில்லையா?

கணினிக்குக் கண் இல்லை. திரையில் ஒரு பாம்பு ஊர்ந்து வந்து ஒரு பெண்ணின் காலைத் தொட்டால், பார்த்த நொடியே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கணினிக்குத் தெரிவதில்லை. பாம்பின் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதன் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்னும் எண்களை மட்டுமே அது அறியும். அந்த எண்களைக் கொண்டு ‘இவ்விரண்டும் தொட்டுக்கொண்டனவா?’ என்று முடிவு செய்யும் வழியை நிரல் எழுதுபவர்தாம் சொல்லித் தர வேண்டும். விளையாட்டு நிரலாக்கத்தில் இதனை மோதலறிதல் என்கிறோம். திரையில் தனித்தனியாக நகரும் உருவங்களுக்கு ஸ்பிரைட் என்று பெயர்.

நான் படித்தது கல்வியியல், கணினி அன்று. 2017-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணினியியல் சிந்தனை இடம்பெறத் தொடங்கிய பிறகு, பயிற்சிப் பொருள்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடமும் வந்தது. நாற்பதைக் கடந்த வயதில் நிரலாக்கம் கற்றேன். தயாரித்த பயிற்சியை, நெகிரி செம்பிலானின் ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டப்புறப் பிள்ளைகள் சிலரோடு பள்ளி விடுமுறையில் செய்து பார்த்தோம். அவர்களுடைய வீடுகளைச் சுற்றி இப்பொழுது செம்பனைதான். ஆனால், அவர்களின் பாட்டிமார் பலர் பால்மரம் வெட்டியவர்கள்.

‘உங்கள் ஊர்க் கதை ஒன்றை விளையாட்டாக்குங்கள்’ என்றேன். ஒரு குழு தேர்ந்தெடுத்த கதை இது: பால் எடுத்துவிட்டு, தோளில் காண்டாக் கம்போடு ஒரு பெண் நடந்து வருகிறாள். கம்பின் முன்முனையில் ஒரு வாளி, பின்முனையில் ஒரு வாளி. எதிரே பாம்புகள் வரும். தாண்டிக் குதித்து, பால் சிந்தாமல், பால் நிறுக்கும் கொட்டகையை அடைய வேண்டும்.

முதலில் ஸ்கிராட்ச் மொழியில் செய்தார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2007-இல் வெளியிட்ட இம்மொழியில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். ‘தொடுகிறதா?’ என்று கேட்பதற்கும் ஒரு கட்டை உண்டு. அது படத்தின் வெற்றிடத்தை விட்டுவிட்டு, வண்ணம் உள்ள புள்ளிகள் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்த்துச் சொல்லிவிடும். வசதிதான். ஆனால், எப்படிக் கண்டுபிடித்தது என்பது கட்டைக்குள்ளேயே மறைந்துகிடக்கிறது. ஆகவே அடுத்த கட்டமாகப் பைத்தான் மொழிக்கும் அதன் பைகேம் தொகுப்புக்கும் போனோம். அங்கே தொடக்க நிலையில் கிடைப்பது செவ்வகம். ஒவ்வோர் உருவத்தையும் ஒரு செவ்வகப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டிகள் மோதினவா என்று கேட்க வேண்டும்.

இரண்டு பெட்டிகள் மோதியதை எப்படிக் கண்டறிவது? மோதும் விதங்களை எண்ணத் தொடங்கினால் முடிவே இருக்காது. மோதாத விதங்களோ நான்கே. ஒன்று மற்றதற்கு முழுக்க இடப்பக்கம் இருக்கும், அல்லது வலப்பக்கம், அல்லது மேலே, அல்லது கீழே. இந்த நான்கில் எதுவுமே இல்லை என்றால் மோதல்தான். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, கணிதத்தில் ஆர்வமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டான்.

சிக்கல் வந்தது விளையாடியபோதுதான். பாம்பு இன்னும் தொலைவில் இருக்கும்போதே ‘ஆட்டம் முடிந்தது’ என்று திரை அறிவித்தது. வரைபடத்தை வரைந்த மாணவி கொதித்துப் போனாள்.

“படவே இல்லையே, டீச்சர்! இன்னும் கால் பக்கத்துலகூட வரலையே!”

எண்களை எடுத்துப் பார்த்தோம். பெண்ணின் பெட்டி கிடையாக 100-இல் தொடங்கி 220-இல் முடிந்தது. காண்டாக் கம்பும் இரண்டு வாளிகளும் சேர்ந்த அகலம் அது. அவளுடைய கால்களோ 150-க்கும் 170-க்கும் இடையில்தான் இருந்தன. வலப்புறமிருந்து வந்த பாம்பின் தலை 215-ஐ எட்டியதும் பெட்டிக்குள் நுழைந்துவிட்டது. காலுக்கும் பாம்புக்கும் நடுவே இன்னும் 45 புள்ளிகள் இருந்தன. வாளி தரையிலிருந்து 30 புள்ளி உயரத்தில் தொங்குகிறது. பாம்பின் உயரமோ 15 புள்ளிதான். முன்வாளியின் அடியில், வெறும் காற்றில் ஊர்ந்த பாம்பைக் கணினி ‘பட்டது’ என்று கணக்கெழுதியிருக்கிறது.

‘படவே இல்லை’ என்னும் சொல்லை நான் சிறு வயதிலேயே நிறையக் கேட்டவள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கும். அதனால் மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டி உள்மரத்தில் உளி பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். புதிதாக வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து, அதுவும் விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கின் ஒளியில் வெட்ட வேண்டும். காயம் பட்டதா, இல்லையா என்று முடிவு செய்பவர் கங்காணி. அம்மா, “படவே இல்லைங்க” என்று சொன்ன சில நாள்களில் கணக்கில் ‘பட்டது’ என்றே ஏறியிருக்கும். எந்த அளவை வைத்து அப்படி எழுதினார் என்று கேட்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வழி இருந்தது. விதியை எழுதியவர்களே அவர்கள்தாமே. “எது பட்டால் ‘பட்டது’ என்று சொல்வீர்கள்? முடிவு செய்து எழுதுங்கள்” என்றேன். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் பெரிய பெட்டியை நீக்கிவிட்டு, கால்களுக்கு மட்டும் ஒரு சிறிய பெட்டி வைத்தார்கள். அதையும் காலின் அகலத்தைவிடச் சற்றுக் குறைத்தே வைக்கலாம் என்றான் ஒருவன். நூலிழையில் தப்பியவரைத் தப்பிக்க விட்டால்தான் விளையாடுபவருக்கு மகிழ்ச்சி என்பது அவன் வாதம். விளையாட்டு வடிவமைப்பாளர்கள் பலரும் செய்வது இதுதான். ஆபத்து தரும் பொருளுக்குப் பெட்டியைச் சுருக்குவார்கள். பரிசு தரும் பொருளுக்குப் பெட்டியைப் பெருக்குவார்கள்.

1977-இல் வந்த அத்தாரி 2600 கருவியைப் பற்றியும் அவர்களுக்குச் சொன்னேன். அதில் மோதலைக் கண்டறியும் வேலையை வன்பொருளே செய்தது. திரையில் ஆறு வகைப் பொருள்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 இணைகள். அந்த 15-க்கும் தனித்தனிக் குறியீடு. பொருள்கள் நூறானால் இணைகள் எத்தனை என்று கேட்டேன். 4,950 என்று விடை வந்தபோது, பாம்புகளின் எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்துக்கொண்டார்கள்!

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒரு மாணவன் குறும்புக்காகப் பாம்பின் வேகத்தை ஒரு சட்டகத்துக்கு 80 புள்ளிகளாக உயர்த்தினான். பாம்பு காலுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. ஆட்டம் முடியவே இல்லை. கணினி நொடிக்கு 30 முறைதான் பார்க்கிறது. ஒரு முறை பார்த்தபோது பாம்பு 175-க்கும் 225-க்கும் இடையில், காலுக்கு வலப்புறம் இருந்தது. அடுத்த முறை 95-க்கும் 145-க்கும் இடையில், இடப்புறம் இருந்தது. நடுவில் நடந்ததை அது பார்க்கவே இல்லை. 80 புள்ளிகளையும் பத்துப் பத்தாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சோதித்தால் தப்ப முடியாது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

எஞ்சியது வாளிதான். பாம்பு தலையைத் தூக்கி வாளியில் முட்டினால் உயிர் போகாது. ஆனால் பால் சிந்தும். அதற்காக வாளிகளுக்கு இரண்டு தனிப் பெட்டிகள் வைத்து, முட்டினால் 5 புள்ளிகள் குறையும்படி அந்த மாணவி எழுதினாள். மறுவாரம் நிரலைத் திறந்து பார்த்தபோது, 5 இருந்த இடத்தில் 50 இருந்தது.

“ஏன் மாற்றினாய்?” என்று கேட்டேன்.

“பாட்டிக்கு விளையாடிக் காட்டினேன், டீச்சர். வாளி சாஞ்சா அன்னைக்கு வெட்டினது பூரா போச்சு, அஞ்சுன்னு யாருடி போட்டான்னு கேட்டாங்க.”