கந்தகம் திரட்டிய செல்வம்

பதினெட்டாம் நூற்றாண்டில் தென் அமெரிக்காவின் கொலம்பிய ஆறுகளில் பொன் அரித்த ஸ்பானியருக்கு, வெண்ணிற மணிகள் சில தொல்லை தந்தன. பொன்னோடு கலந்து கிடந்த அவை எளிதில் உருகவில்லை. 'சிறு வெள்ளி' என்னும் பொருள்பட அவற்றைப் 'பிளாட்டினா' என்று இகழ்ச்சியாக அழைத்தனர். பொன்னில் கலப்படம் செய்யப் பயன்படும் என்று அஞ்சி, அவற்றை ஆற்றில் கொட்டியதும் உண்டு. அன்று வேண்டாப் பொருளாக எறியப்பட்ட பிளாட்டினம், இன்று வாகனப் புகையின் நஞ்சைக் குறைக்கிறது. புற்றுநோய்க்கு மருந்தாகும் சேர்மங்களிலும் இடம்பெறுகிறது. அதன் மதிப்பை மனிதர் உணரச் சில நூற்றாண்டுகள் ஆயின. அஃது ஓரிடத்தில் திரண்ட வரலாறோ பல கோடி ஆண்டுகள் பழமையானது.

புவி உருகிய நிலையில் இருந்த தொடக்கக் காலத்தில், எடைமிக்க இரும்பு உள்ளே இறங்கிக் கருவம் ஆயிற்று. இரும்போடு எளிதில் கலக்கும் பொன்னும் பிளாட்டினமும் பெரும்பாலும் அதனுடனேயே சென்றுவிட்டன. கருவத்தைச் சூழ்ந்த கவசத்தில் ஒரு டன் பாறைக்குச் சில மில்லிகிராம் பிளாட்டினமே உண்டு. கடலில் கரைத்த பெருங்காயம் போன்ற நிலை அது. ஆயினும், தென்னாப்பிரிக்காவின் மெரென்ஸ்கி அடுக்கில் ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ 5 கிராம் அளவில் பிளாட்டினக் குழும உலோகங்கள் கிடைக்கின்றன. பல நூறு மடங்கு செறிவு எவ்வாறு நிகழ்ந்தது?

திரட்டும் பணியைச் செய்தது, விலை மலிந்த கந்தகமே என்பர் புவியியல் அறிஞர் பலர். கவசப் பாறை சிறிதளவே உருகினால், கந்தகச் சேர்மங்கள் முழுவதும் கரையாமல் அடியிலேயே தங்கிவிடும். உலோகங்களும் அவற்றோடு தங்கிவிடும். மிகுதியாக உருகும்போதுதான் இரண்டும் பாறைக்குழம்பில் கலந்து மேலெழுகின்றன. மேலோட்டில் தேங்கிய குழம்பு குளிரும்போதோ, புதிய குழம்புடன் கலக்கும்போதோ, தாங்கும் அளவுக்கு மேற்பட்ட கந்தகம் தனித்துளிகளாகப் பிரிகிறது. நீரில் எண்ணெய் கலவாது நிற்பதைப் போன்றது இது. பிளாட்டினம் பாறைக்குழம்பில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு விருப்பத்தோடு கந்தகத் துளியில் சென்று சேரும். சிறிய துளிகள் பெருமளவு குழம்பிலிருந்து உலோகத்தை ஈர்த்துக்கொண்டு, கனத்தால் கீழிறங்கிப் படிகின்றன. கந்தகம் உரிய காலத்திற்கு முன்னரே பிரிந்துவிட்டால், உலோகம் ஆழத்திலேயே தங்கிப்போகும். பிரியாமலே இருந்துவிட்டால், பாறையெங்கும் சிதறிப்போகும்.

இந்நிலைகள் யாவும் ஒருங்கே கூடிய இடம், தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு. ஏறத்தாழ 205 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாறைக்குழம்பு பலமுறை பாய்ந்து, அடுக்கடுக்காக உறைந்த நிலப்பகுதி அது. 1924இல் ஆண்ட்ரீஸ் லோம்பார்ட் என்னும் வேளாளர், ஓர் ஆற்றுப்படுகையில் கண்ட வெண்ணிற மணிகளை ஹான்ஸ் மெரென்ஸ்கி என்னும் புவியியலாளருக்கு அனுப்பினார். அவற்றின் மூலத்தைத் தேடிச் சென்ற மெரென்ஸ்கி கண்டறிந்த அடுக்கு, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவ்வடுக்கின் தடிமன் பல இடங்களில் ஒரு மீட்டரளவே. ஆதலால் நிலத்தடி வெப்பத்தில், நிமிர்ந்து நிற்க இயலாத குறுகிய இடைவெளியில் தொழிலாளர் குனிந்தும் தவழ்ந்தும் பாறையைக் குடைகின்றனர். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று, மரிக்கானா என்னுமிடத்தில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்மீது காவல்துறையினர் சுட்டனர். 34 பேர் உயிரிழந்தனர். உலோகத்தின் விலையைச் சொல்லும் சந்தைக் கணக்கில் இவ்விழப்பு இடம்பெறுவதில்லை.

தமிழகத்திலும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இத்தகைய அடுக்குப் பாறைகள் உள்ளன. அங்குள்ள குரோமைட்டுப் படிவுகளில் பிளாட்டினக் குழும உலோகங்களின் தடயங்கள் கண்டறியப்பட்டுள்ளன. எனினும் தடயம் வேறு, சுரங்கம் வேறு. ஒரே வகைப் பாறை இருப்பதனால் மட்டும் ஒரே அளவு செல்வம் திரண்டுவிடுவதில்லை.

ஒரு காரின் புகைபோக்கியில் உள்ள மாசகற்றும் கருவியில் இவ்வுலோகங்கள் சில கிராம் உள்ளன. ஏறத்தாழ ஒரு டன் பாறையை வெட்டி, உடைத்து, உருக்கிப் பெற்ற அளவு அது. பழைய கருவிகளிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் தொழில் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அவ்வாறு மீட்கப்படும் ஒவ்வொரு கிராமும், நிலத்தடியில் ஒருவர் தவழ்ந்து வெட்டவேண்டிய பாறையைக் குறைக்கிறது. கந்தகத் துளிகள் அரிதின் திரட்டித் தந்ததைக் குப்பையில் மீண்டும் சிதறவிடாமல் காப்பது, அதனைப் பயன்படுத்தும் தலைமுறையின் கடமையாகும்.