செவிக்கும் பயிற்சி வேண்டும்

பியானோ முதற்படிப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தகாலை யாம் விரல்களையே நம்பினோம், செவியைப் பொருட்படுத்தினோமில்லை. 1889-ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பெற்ற அசோசியேட்டட் போர்டு நடத்தும் அப்பரீட்சையில், மொத்தம் 150 மதிப்பெண்களுள் செவிப் பகுதிக்குரியவை 18. அவற்றைச் சிறிதென எண்ணியதே எம் பிழை.

பரீட்சகர் சிறியதோர் இசைத்தொடரை இருமுறை வாசிப்பார். மறுமுறை ஒரு சுரம் மட்டும் மாறியிருக்கும். மாற்றம் தொடக்கத்திலா, ஈற்றிலா என்று யாம் சொல்லுதல் வேண்டும். பயிற்சியிலோ, வாசிப்பு முடியுமுன்னரே விடை தேடிப் பன்முறை தவறினோம். முதல் வாசிப்பை மனத்துள் பாடிக்கொண்டே இரண்டாவதைக் கேட்குமாறு எம் ஆசிரியை போதித்தார். நாடோறும் கால்மணி நேரம் அவ்வாறே பழகினோம்.

அந்நாட்களில் ஒருமுறை விடுதியினின்றும் வீடு சென்றோம். புறப்படும் வேளையில், "இன்னும் ஒரு நாள் இருந்து போகலாகாதா?" என்றார் அன்னையார். பயிற்சி உண்டென்றோம். அச்சொற்களையே அவர் மீண்டுங் கூறினார். கடைசிச் சொல்லில் குரல் தாழ்ந்தது. மாற்றம் ஈற்றிலிருந்தது. முன்னாளில் அதனைக் கேட்டிருக்கமாட்டோம். அன்று யாம் வண்டியேறவில்லை.

பரீட்சையில் 18-க்கு 16 பெற்றோம். பயிற்சி தவறிய அவ்வொரு நாளால் யாதுங் குறைந்திலது.