கடைசி ஓட்டக்காரி

அஞ்சலோட்டம் ஓடியவர்களுக்குத் தெரியும், எல்லோருடைய கண்ணும் கடைசி ஓட்டக்காரியின் மேல்தான் இருக்கும். கோலை முதலில் ஏந்தியவள் யார் என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள். வென்றாலும் தோற்றாலும் பெயர் கடைசியாக ஓடியவளுக்கே. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குள்ளும் ஓர் அஞ்சலோட்டம் நடந்தது. அதில் ஓடியது நானாவின் பழைய மடிக்கணினி.

கதை 2018 இல் தொடங்குகிறது. அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் பெப்ரவரி இறுதியில் பரவியது. சில நாட்களில் திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மார்ச் 7 ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் தடைசெய்தது. அக்குறணையிலிருந்து சாச்சி ஒவ்வோர் இரவும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். அன்றிரவு வரவில்லை. தொலைபேசி அழைப்பும் எடுபடவில்லை. உம்மா தஸ்பீஹைக் கையில் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் பகல் பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து சாச்சி பேசிய பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பொய்யை அடைக்கப் போட்ட பூட்டு, "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்ற செய்தியையும் அடைத்துவிட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கொட்டாஞ்சேனையில் எங்கள் மூத்தம்மாவின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அன்றும் சமூக ஊடகங்கள் தடைப்பட்டன. நானா இலவச வி.பி.என். ஒன்றை இறக்கினார். பின்னர் ஒருநாள் அவரே சொன்னார்: "அந்தக் கம்பனிக்காரனுக்கு நம்மட போக்குவரத்து எல்லாம் தெரியும். அவன் யாரெண்டு நமக்குத் தெரியாது." அப்படித் தேடிப் போனபோதுதான் டோர் வலையமைப்பு அவருக்கு அறிமுகமானது.

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் 1990களில் பிறந்த எண்ணம் அது. ஒரு கடிதத்தை மூன்று உறைகளுக்குள், ஒன்றினுள் ஒன்றாக இடுவதுபோல. உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளில் மூன்று அதைக் கைமாற்றுகின்றன. முதற்கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவிலுள்ளதற்கு இரண்டும் தெரியாது. உறைகள் வெங்காயத் தோல்போல உரிவதால் அதன் சின்னமும் வெங்காயமே.

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, போராட்டங்களின் நடுவே, மீண்டும் தடை வந்தது. ஒரு நாளுக்குள் நீங்கினாலும் நானா தீர்மானித்துவிட்டார். மடிக்கணினியை நடுக் கணினியாக வலையமைப்பில் இணைத்தார்.

தொண்டு செய்வது இலேசு என்று நினைத்தோம். புதிதாகச் சேரும் கணினியை வலையமைப்பு உடனே நம்புவதில்லை. முதல் மூன்று நாட்கள் ஏறக்குறைய வேலையே கொடுக்காது. முழுமையாகப் பயன்பட இரண்டு மாதமளவு விடாமல் இயங்க வேண்டும். அந்த ஆண்டு மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. மடிக்கணினி பற்றரியில் தாக்குப்பிடித்தாலும் ரவுட்டர் அணைந்துவிடும். மின்சாரம் வந்ததும் எங்களுக்குப் புதிய இணைய முகவரி கிடைக்கும். சேர்த்த நம்பிக்கையில் பாதி போய்விடும். மாதம் குறைந்தது 100 கிகாபைட்டாவது வெளியே அனுப்ப வேண்டும், அதே அளவு உள்ளேயும் வரும். இருபதாம் திகதிக்குள் டேட்டா முடிந்து, என் வகுப்புப் பாடக் காணொளிகள் சுற்றிக்கொண்டே நிற்கும். இப்படி ஓடும் கணினிகளின் முகவரிப் பட்டியல் பகிரங்கமானது. ஆகவே வங்கித் தளமொன்று எங்கள் வீட்டு முகவரியையே மறுத்தது. மின்கட்டணம் கட்ட முடியாமல் உம்மா ஏசினார்.

2023 இல் நானா வேலைக்குக் கட்டார் போனார். மடிக்கணினி என் பொறுப்புக்கு வந்தது. கடைசிக் கணினிகள்தான் குறைவு என்று வாசித்திருந்தேன். நாமும் அதுவாக ஓடினால் என்ன என்று வாப்பாவிடம் கேட்டேன்.

கடைசி ஓட்டக்காரியின் சங்கடம் இதுதான்: யாரோ ஒருவர் எழுதுவது அவளுடைய முகவரியிலிருந்து வந்ததாகவே உலகத்துக்குத் தெரியும். மொஸ்கோவில் திமித்ரி பகதோவ் என்ற கணித ஆசிரியர் 2017 ஏப்ரலில் அப்படித்தான் கைதானார். எவரோ எழுதிய கலகப் பதிவுகள் அவரது கணினி வழியே வெளிவந்திருந்தன. சிறையும் வீட்டுக்காவலுமாக மாதங்கள் கழிந்த பின், 2018 இல் வழக்குக் கைவிடப்பட்டது.

வாப்பா கோபிக்கவில்லை. "2019 இல மூத்தம்மாட வீட்டச் சோதிக்க வந்தாங்களே, ஞாபகமா? மரியாதையாத்தான் வந்தாங்க. கிதாபுகளக் காட்டி, இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டாங்க. அத விளங்கப்படுத்தவே மூணு மணித்தியாலம் போச்சி. நீ மூணு உறை, வெங்காயம் எண்டு யாருக்கு விளங்கப்படுத்தப் போற மகள்?"

எனக்குப் பதில் வரவில்லை. உம்மாவின் கேள்வி இன்னும் கடினமானது. "நம்மள ஏசுறவனும் அதுக்குள்ளால போவானே?" போவான். அதை மறுக்க முடியாது. ஆனால் திகனக் காலத்து வெறுப்பு சொந்தப் பெயரிலும் முகத்தோடும்கூட எழுதப்பட்டது. ஒளிய வேண்டியிருந்தவர்கள் நாங்கள். அதை அவரிடம் சொன்னேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் லெபனான் என்ற சிறு நகரத்தின் கில்டன் நூலகம் 2015 இல் இத்தகைய கணினியொன்றை நடத்தியது. பொலிசார் பேசியதும் நிறுத்திவைத்தது. ஊர்மக்கள் கூடி ஆதரித்ததும் நூலகச் சபை அதை மீண்டும் தொடங்கியது. அதை வாசித்தபோது ஒன்று புரிந்தது. மற்றவர் முகத்தை மறைப்பவர் தன் முகத்தை வெளியே காட்டி நிற்க வேண்டும். அதற்குத் துணையாக ஓர் ஊர் நிற்க வேண்டும். மாடிவீட்டுக் குடும்பமொன்று, அதுவும் எங்களைப் போன்ற குடும்பம், தனியே நிற்க முடியாது. வாப்பாவின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று எண்ணியிருந்த நான் அன்று வெட்கப்பட்டேன். வீட்டாரின் நிம்மதியும் எங்களிடமுள்ள அமானிதம்தான்.

மடிக்கணினியை நிறுத்திவிட்டோம். இப்போது என் உலாவியில் ஸ்னோஃப்ளேக் என்ற சிறு நீட்சி ஓடுகிறது. டோர் தடைசெய்யப்பட்ட நாடுகளில் இருப்பவர்களை அந்த வலையமைப்பின் வாசல்வரை கொண்டுபோய் விடும். அவர்கள் பார்க்கும் தளங்களுக்கு எங்கள் முகவரி தெரியாது. 2022 செப்டம்பரில் ஈரானில் இணையம் முடக்கப்பட்டபோது பெருந்தொகையானோர் இதை நாடினார்கள். கோலை நான் கடைசிவரை கொண்டுபோவதில்லை. முதல் ஓட்டக்காரியின் கையில் சேர்ப்பதோடு என் வேலை முடிகிறது.

கடந்த 24 மணித்தியாலத்தில் எத்தனை பேருக்கு உதவியது என்ற எண்ணை மட்டும் அது காட்டும். இரவில் படிக்கும்போது உம்மா தேநீர் வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"இண்டைக்கு எத்தின பேர்?"

"மூணு பேர்."

"எந்த ஊராம்?"

"தெரியா உம்மா."

உம்மா சற்று நேரம் திரையையே பார்த்தபடி நிற்பார். "யாருட உம்மாவோ முழிச்சிக்கொண்டு இருப்பா. மூடிப் போடாத, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.