குடத்துக்குள்ள ஒரு ஃபிசிக்ஸ் லேப்!

ஆரல்வாய்மொழி தாண்டினாலே காத்து வேற மாதிரி அடிக்கும் பாஸ். நாஞ்சில் நாடு ஆரம்பம்! குமரி மாவட்டம்னா சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, ரெண்டு பாசிமாலைன்னு ஒரே நாள்ல ஊர் திரும்புற கோஷ்டியா நீங்க? அப்போ கோயில் கொடையில ராத்திரி நடக்குற வில்லுப்பாட்டை மிஸ் பண்ணிட்டீங்க.

பக்தியோ, கதையோ, எதுக்கு வேணா போங்க. ஆனா மேடையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல நாம 'ஒத்ததிர்வு வரையறு'ன்னு மனப்பாடம் பண்ணின பாடம் மொத்தமும் அங்கே உட்கார்ந்திருக்கும். இழுத்துக் கட்டின வில்லு நாணை வீசுகோலால தட்டுறாங்க. சலங்கை மணிகள் கூடவே குலுங்குது. உடுக்கைக்காரர் நடுக்கயிற்றை அழுத்தினா தோல் இறுகி சுருதி ஏறுது, விட்டா இறங்குது. இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு இதைவிடத் தெளிவா எந்த போர்டுலயும் வரைய முடியாது!

இன்னொரு விஷயம், பின்பாட்டு. புலவர் ஒரு வரி சொன்னா பக்கத்துல இருக்கவர் 'ஆமா' போடுவார். திடீர்னு 'அது எப்படி?'ன்னு குறுக்கே கேள்வியும் கேட்பார். நம்ம கிளாஸ்ல அந்தக் கேள்விக்குத்தான் பஞ்சம்.

பாட்டுல பாடம்ங்கிறது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில பிறந்த கலைவாணர் என்.எஸ்.கே., 'நல்லதம்பி' (1949) படத்துல 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தி, படிப்போட அருமையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். 1987-ல நாடு முழுக்கப் போன மக்கள் அறிவியல் ஜாதாவும், 90-களின் அறிவொளி இயக்கமும் பாட்டையும் வீதி நாடகத்தையும் நம்பித்தான் ஊர் ஊராப் போச்சு.

ஆனா எல்லாப் பாட்டும் ஒண்ணு இல்லை. அமெரிக்கக் கணித ஆசிரியர் டாம் லெரர் 1959-ல தனிமங்களோட பேரையெல்லாம் கோர்த்து ஒரு பாட்டுப் பாடினார். செம காமெடி! பேரு மனசுல நிக்கும். சோடியம் ஏன் தண்ணியில வெடிக்குதுன்னு அதுல வராது. ஸ்கூல்ல நாம பாடின ஃபார்முலா பாட்டெல்லாம் இந்த ரகம்தான். மார்க் வரும், அவ்வளவுதான்.

அப்படியே சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு ஒரு நடை போங்க. ஒரே கல்லுல குடைஞ்ச இசைத்தூண் கொத்துகள் இருக்கு. தட்டிப் பார்க்க ஆசைப்படாதீங்க, தேஞ்சா திரும்ப வராது. ஹம்பியில இருக்குற இதே மாதிரி தூண்களை கல்பாக்கம் விஞ்ஞானிகள் ஆராய்ஞ்சு 2008-ல எழுதியிருக்காங்க. தூண் வளைஞ்சு அதிர்றதுதான் அந்த நாதமாம்.

கல்லைத் தட்ட முடியாது. ஹாஸ்டல் மண்பானையைத் தட்டலாமே! (வில்லுப்பாட்டுக்காரர் குடத்துல கை வச்சிராதீங்க மக்கா.) குடத்து வாயில பட்டையா ஒரு அடி, பக்கவாட்டுல காசால ஒரு தட்டு. இப்போ பாதி தண்ணி ஊத்தி மறுபடி ரெண்டையும் செய்ங்க. வாயில அடிச்சா சுருதி ஏறும். உள்ளே காத்துக்கு இடம் குறைஞ்சு போச்சு. காசால தட்டினா சுருதி இறங்கும். அதிர்ற சுவருக்குத் தண்ணியோட பாரமும் சேர்ந்துடுச்சு. ஒரே குடம், ஒரே தண்ணி, ரெண்டு எதிரெதிர் பதில்! இதைப் பாட்டாக் கட்டி, நடுவுல 'அது எப்படி?'ன்னு கேட்க ஒரு ஆளையும் உட்கார வச்சா, அடுத்த கல்ச்சுரல்ஸ்க்கு ஐட்டம் ரெடி.