பட்டம் தராத படிப்பு

திருமணத்தால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள் நான். யேல் பல்கலைக்கழகத்தில் 2008-ஆம் ஆண்டு பேராசிரியை ஏமி ஹங்கர்ஃபோர்ட் இளங்கலை மாணவர்க்கு நடத்திய அமெரிக்க நாவல் வகுப்புகளை, இன்று கிணத்துக்கடவில் இருந்தவாறே இணையத்தில் கட்டணமின்றிக் கேட்டு வருகிறேன். "பட்டங்கூடத் தரமாட்டாங்களாமே, எதுக்குங்க அக்கா?" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். உண்மைதான்; தேர்வுமில்லை, சான்றிதழுமில்லை.

ஆயினும் ஃபிளானரி ஓ'கானர் என்னும் கத்தோலிக்க எழுத்தாளரை அங்கேதான் அறிந்தேன். லூபஸ் நோயுற்று, ஜார்ஜியாவில் தாயின் பண்ணையில் மயில் வளர்த்து, எழுதி, 1964-இல் 39 வயதில் மறைந்தவர். 1952-இல் வெளிவந்த அவரது நாவலின் நாயகன், கிறிஸ்து இல்லாத திருச்சபையைப் போதிக்கிறான்! திடுக்கிட்டேன். அவரை உதறிவிட இயலாமையே அவனது நேர்மை என ஆசிரியையே பின்னர் முன்னுரையில் விளக்கியிருக்கிறார். இரண்டாம் முறை படித்தபோது அழுதுவிட்டேன்.

மயில்கள்மேல் அவருக்கிருந்த அன்பு மட்டும் எனக்கு வரவில்லை. எங்கள் தக்காளிச் செடிகளை அவை விட்டுவைப்பதில்லையே!